பழைய பர்மா தேக்கு டைனிங் டேபிள் ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

செட்டிநாட்டு வீடு இடித்த மரத்தில் டைனிங் டேபிள் செய்து தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையை நம்பி, எண்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து ஆறு பேர் உட்காரும் மேஜை வாங்கினேன். வந்தது தேக்கே இல்லை. புகார் கொடுத்திருப்பதால் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை.

பட்டறைக்காரர் சொன்ன கதையில் பாதி உண்மை, அதுதான் வினை. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கப்பலில் தேக்கு வரவழைத்துக் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் அந்தப் பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் சில வீடுகளை இடிக்கிறார்கள். தூண், நிலை, உத்திரமெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வருகின்றன. இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஒரு தூணின் படத்தையும் அனுப்பினார். அந்தத் தூண் யார் வீட்டில் நிற்கிறதோ!

மேஜை பார்க்க நன்றாகவே இருந்தது. மேலே கறுப்புக் கறுப்பாக ஆணி ஓட்டைகள், அங்கங்கே உளித்தடம். மீதிப் பணமும் கைமாறியது. கோடை வந்ததும் நடுப்பலகை வளைந்து, இணைப்பு விட்டுக்கொண்டது. பழைய மரமும் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசையும்தான். ஆனால் நூறு வருஷம் கூரைக்கடியில் காய்ந்த மரம் இப்படி முறுக்காது. அப்புறம் கால்களுக்கடியில் கோதுமை மாவு மாதிரி தூள் கொட்ட ஆரம்பித்தது.

போன் செய்தால், "பழைய மரம்னா அப்படித்தான் சார், அதுதான் அதோட அழகு" என்றார். அடுத்த தடவை என் வீட்டு ஏசி மேல் பழி போட்டார். அதற்குப் பிறகு போனை எடுப்பதே இல்லை.

தெரிந்த ஆசாரி ஒருவர் வந்து மேஜையைக் கவிழ்த்தார். அடிப்பக்கம் ஓர் ஓட்டைகூட இல்லை. மேலே இருந்தவை எல்லாம் ஒரே அளவு. டிரில் போட்டுச் சாயம் விட்டிருக்கிறார்கள். நிஜமான ஆணி ஓட்டையில் துருக்கறை மரத்தின் ரேகையோடு ஊறிக் கறுத்திருக்குமாம். இழைப்புளியால் ஓரத்தில் ஒரு சீவு சீவினார். மேலே காப்பி நிறம், உள்ளே வெளிறிப்போன மரம். தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை, வாசனையும் இல்லை. பலகை மாமரம், கால் ரப்பர் மரம் என்றார். தேக்கின் வைரத்தை, அதாவது உள்மரத்தை, பூச்சி அவ்வளவு சுலபமாகத் தொடாது. ரப்பர் மரத்தை மருந்தில் ஊறவைக்காமல் விட்டால் அரித்துத் தள்ளிவிடும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்: பழைய மரம் அறுக்கிறவர், உள்ளே முறிந்து கிடக்கும் ஆணியில் பட்டு ரம்பப் பல் போவதைப் பற்றிப் புலம்பாமல் இருக்க மாட்டார். நம்ம ஆள் ஒருநாளும் புலம்பவில்லை.

பில்லை எடுத்துப் பார்த்தால், 'மர டைனிங் டேபிள், ஆண்டிக் ஃபினிஷ்' என்றுதான் இருக்கிறது. நல்ல வேளை, '100% பழைய பர்மா தேக்கு' என்று அவரே அனுப்பிய மெசேஜ் என்னிடம் இருக்கிறது.

ஆர்டர் கொடுக்கிறவர்கள் அறுப்பதற்கு முன்னால் போய் மரச்சட்டங்களைப் பார்த்து, அவற்றில் உங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு வாருங்கள். பாலிஷுக்கு முன்னால் மறுபடி பார்க்காமல் அடுத்த தவணை தராதீர்கள். பாலிஷ் ஏறிவிட்டால் எல்லா மரமும் தேக்குதான். பில்லில் மரத்தின் பெயரை எழுத மறுத்தால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பிக்கலாம். அது பலிக்காவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆணையம் மரத்தைப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடும் என்பதால், அதுவரை மேஜையைப் பழுது பார்க்கவோ மறுபாலிஷ் போடவோ கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.