சாமக்கொடைக்குப் படம் எதில் செய்வது: ஆஃப்டர் எஃபெக்ட்ஸா, டச்டிசைனரா?

எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களான கொடைகளில் சீரியல் செட் கட்டியவர்களைத்தான் நான் முதல் அனிமேஷன்காரர்கள் என்பேன். மூங்கில் சட்டத்தில் கலர் பல்புகளைக் கட்டி, வரிசை வரிசையாக அணைத்து எரியவிட்டால் முருகன் கையிலிருந்து வேல் கிளம்பும், சூரனைக் குத்தும், திரும்பக் கைக்கு வரும். இப்போது அந்த இடத்தில் வாடகை எல்இடி சுவர் நிற்கிறது. அதில் ஓடும் படத்தை எதில் செய்வது என்பதுதான் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருள் 1993-லேயே வந்துவிட்டது. அடுக்கு மேல் அடுக்கு, காலக்கோடு, அசைவு மாறும் இடங்களைக் குறிக்கும் கீஃப்ரேம். சுடலைமாடன் கண் சிவப்பதையும் தீப்பந்தம் சுழல்வதையும் திரும்பத் திரும்ப ஓடும் 20 வினாடி லூப்பாகச் செய்து பென் டிரைவில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஜெனரேட்டர் மாற்றும்போது கரண்ட் போய் வந்தாலும் பிளேயரை மறுபடி தட்டிவிட்டால் போதும். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் இந்த நிம்மதியின் அருமை தெரியும்.

ஆனால் ஒரு ஆடிக் கொடையில் இதே லூப் என்னை மானங்கெடுத்தது. நையாண்டி மேளம் முழங்குகிறது. சாமியாடிக்கு அருள் ஏற ஏற தவில்காரர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். என் தீப்பந்தம் மட்டும் பழைய நிதானத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோயில் நிர்வாகத்து அண்ணாச்சி பக்கத்தில் வந்து, “ஏ தம்பி, மேளம் ஒரு பக்கம் போவுது, ஒம் படம் ஒரு பக்கம் போவுதுல்லா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒலியைக் கீஃப்ரேமாக மாற்றும் வசதி ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் உண்டு. ஆனால் அது ஏற்கெனவே பதிவான ஒலிக்கு. இன்று ராத்திரி அவர் அடிக்கப்போகும் அடியை நேற்றே ரெண்டர் செய்ய, அதாவது கணக்கிட்டுப் படமாக்கி வைக்க, வழியில்லை.

அதற்குப் பிறகுதான் டச்டிசைனர் பக்கம் போனேன். டொரான்டோவில் இருக்கும் டெரிவேட்டிவ் நிறுவனத்தின் மென்பொருள். இதில் ரெண்டருக்குக் காத்திருக்க வேண்டாம். பெட்டி பெட்டியாக நோடுகளை வைத்து வயரால் இணைக்கிறோம். ஒவ்வொரு ஃபிரேமும் அந்த நொடியிலேயே கணக்காகித் திரைக்குப் போகிறது. மைக்செட் மிக்ஸரிலிருந்து ஒரு லைன் வாங்கி லேப்டாப்புக்குள் விடுங்கள். தவிலின் தொப்பிப் பக்கம் குச்சியால் அடிபடும், ஒலி கனமாக இருக்கும். வலந்தலையில் விரல்கூடு போட்டு அடிப்பதால் அது கணீரென்று மேலே நிற்கும். கீழ் அலைவரிசையைத் தனியாக வடிகட்டித் தீயின் உயரத்துக்கும், மேலே உள்ளதைப் பொறி பறப்பதற்கும் இணைத்தால் தவில்காரரே உங்கள் அனிமேட்டர் ஆகிவிடுவார். பம்பையும் நடுவில் நுழைந்து குழப்பும். வடிகட்டியின் எல்லையை அங்கேயே உட்கார்ந்து காதால்தான் திருத்த வேண்டும்.

இலவசப் பதிப்பில் 1280×1280 பிக்சலுக்கு மேல் போகாது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். சுவரை எண்ணிப் பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். பிக்சலுக்குப் பிக்சல் 3.91 மி.மீ. இடைவெளி (பிட்ச்) உள்ள, சுவரைக் கட்டும் அரை மீட்டர் சதுரப் பெட்டியில் (கேபினெட்) 128×128 பிக்சல்தான். குறுக்கே ஏழு, உயரத்துக்கு ஐந்து வைத்தால் பதினொன்றரை அடிக்கு எட்டடிச் சுவர், மொத்தம் 896×640. இதற்கு 4கே-யில் ரெண்டர் போட்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தவன் நான். உண்மையான தடை உரிமத்தில் இருக்கிறது: இலவசப் பதிப்பைச் சம்பள வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. சொந்த ஊர்க் கொடைக்குக் காசு வாங்காமல் செய்வது வேறு. அட்வான்ஸ் வாங்கினால் உரிமம் வாங்குங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சந்தாவும் சும்மா வருவதில்லை.

டச்டிசைனருக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், லேப்டாப் கொதிக்கும், விடியும்வரை ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். உடல் அசைவைப் படிக்கும் கினெக்ட் கேமரா வைத்துச் சாமியாடியின் அசைவையே படமாக்கலாமே என்பார்கள். பந்தலில் ஹாலஜன் விளக்கு இருந்தால் அதன் அகச்சிவப்பு ஒளி கினெக்டைக் குழப்பும். குழப்பாவிட்டாலும் நான் வைக்கமாட்டேன். அருள் வந்து ஆடுகிற மனுஷனை விளையாட்டுச் சாமானாக்க எனக்கு மனசில்லை.

முப்பரிமாண மென்பொருள் பிளெண்டர்? முற்றிலும் இலவசம், சம்பள வேலைக்கும் தடையில்லை. 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாத்வியப் படம் ‘ஃப்ளோ’ அதில் செய்ததுதான். தேர், கோபுரம், குதிரை வாகனம் என்று முப்பரிமாணத்தில் வேண்டியதை அதில் செய்து, லூப்பாக எடுத்து மற்ற இரண்டுக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம். தமிழ் எழுத்தை மட்டும் இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து வடிவமாக மாற்றிக் கொண்டுபோகிறேன். கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்தால் சாமி பெயரே தப்பாகிவிடும்.

இப்போது என் வழக்கம் இது. சாமியை அழைக்கும் குடியழைப்புக்கும் மதியக்கொடைக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் லூப். நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடைக்கு மட்டும் டச்டிசைனர். லேப்டாப் நின்றால் மாற்றிவிட அதே லூப் பென் டிரைவில் தயாராக இருக்கும். வில்லுப்பாட்டு நேரத்தில் இரண்டும் வேண்டாம், சுவரை அணைத்துவிடுங்கள். ஒருமுறை நான் அணைக்க மறந்துபோனேன்; குடம் அடிக்கிறவர் பாட்டு முடியும்வரை என்னையே முறைத்துக்கொண்டிருந்தார்.