மூன்று வருடம் வீட்டு கேமரா: செலவு எங்கே, மிச்சம் எங்கே

கும்பகோணத்தில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கிறார்கள். நான் கோவையில். 2022 தீபாவளிக்குப் போனபோது மூன்று வைஃபை கேமராவும் பேட்டரியில் ஓடும் வீடியோ டோர்பெல் ஒன்றும் மாட்டிவிட்டு வந்தேன். கேமரா ஒன்று 2,400 ரூபாய். தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்கினேன். இப்போது கணக்குப் பார்த்தால் பணத்தைத் தின்றது கேமரா இல்லை, மாதச் சந்தா.

முதல் மாதம் கிளவுட், அதாவது பதிவை இணையம் வழியாகக் கம்பெனியின் சர்வரில் சேமிக்கும் வசதி, இலவசம். அப்புறம் கேமராவுக்கு மாதம் 149 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து வருடத்துக்கு 5,364. இரண்டு வருடம் கட்டிய பணத்தில் இன்னும் நான்கு கேமரா வந்திருக்கும்.

2024 கடைசியில் இரண்டு கேமராவுக்குச் சந்தாவை நிறுத்திவிட்டு மெமரி கார்டு போட்டேன். வீட்டில் கிடந்த பழைய போன் கார்டுகளைச் செருகியது என் தவறு. ஐந்தாம் மாதம் ஒரு கேமராவில் பதிவு நின்றுபோனது. ஆப்பில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. தற்செயலாகப் பார்த்துத்தான் தெரிந்தது. கேமரா இரவு பகலாக எழுதும், கார்டு நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு மறுபடி எழுதும். சாதாரண கார்டு இதற்குத் தாங்காது. அட்டையில் 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான். பதிவு விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்குப் பத்து ஜிபி சொச்சம் ஆகும். 128 ஜிபி கார்டில் பத்து, பதினோரு நாள் நிற்கிறது. எங்களுக்கு அது போதும். மாதம் ஒருமுறை பழைய பதிவு ஒன்றை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.

வாசல் கேமராவுக்கு மட்டும் சந்தாவை விடவில்லை. திருடன் கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் அதோடு போய்விடும். அந்த 149 ரூபாயில் மிச்சம் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

டோர்பெல் எங்கள் வீட்டுக்குத் தேவையே இல்லை. வாசல் நேராகத் தெருவைப் பார்க்கிறது. போகிற வருகிற பைக்குக்கெல்லாம் விழித்துக்கொண்டு மூன்று வாரத்தில் பேட்டரி காலி. ஒவ்வொரு முறையும் அப்பா கழற்றி சார்ஜ் போட வேண்டியிருந்தது. "பெல் அடிச்சா கேமராவுல பாத்துக்கறேன்ப்பா, இது எதுக்குத் தனியா?" என்றார் அம்மா. சரிதான். பழைய காலிங் பெல்லையும் பேசும் வசதியுள்ள வாசல் கேமராவையும் வைத்தே எல்லாம் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாராவது வயர் டோர்பெல் வாங்கி வந்தால் ஒன்று கவனியுங்கள்: அவை பெரும்பாலும் 16 முதல் 24 வோல்ட்டில் ஓடுபவை. நம் பெல் லைனில் வருவது 230 வோல்ட். நேரடியாக இணைக்கவே கூடாது.

செலவழித்ததில் முழுத் திருப்தி தந்தது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ரௌட்டரையும் கேமராக்களையும் இன்வர்ட்டர் லைனுக்கு மாற்றியதுதான். கூலி 600 ரூபாய். அதற்கு முன் கரண்ட் போனால் எல்லாமே குருடு.

இரவில் கேமராப் பக்கம் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வலை ஆடும்போதெல்லாம் போனில் அலர்ட், நடுராத்திரி இரண்டு மணிக்குக்கூட. வாரம் ஒருமுறை அப்பா ஒட்டடைக் குச்சியால் துடைக்க ஆரம்பித்த பிறகு நிம்மதியாகத் தூங்குகிறேன்.

பின்கட்டுக்கு இன்னொன்று வேண்டும் என்கிறார் அப்பா. இந்த முறை ஆன்விஃப் (ONVIF) என்ற பொது இணைப்பு வசதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன். அது இருந்தால் வேறு கம்பெனி ரெக்கார்டரிலும் சேர்த்துக்கொள்ளலாம், ஒரே ஆப்பிடம் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.