மூடில் குவிஸ்: முதலாண்டு அறிவியலுக்கு எடுபடுமா?

முதலாண்டு இயற்பியல், வேதியியலுக்கு, இணையவழிக் கற்பித்தல் தளமான மூடிலின் (Moodle) குவிஸ் பகுதி தாராளமாகப் போதும். கணக்கீட்டு வினாவில் எண்களுக்குப் பதில் மாறிகளை வைத்தால் ஆளுக்கொரு கணக்கு வரும். பக்கத்துச் சீட்டைப் பார்த்துப் பயனில்லை. எண் விடையில் பிழை வரம்பை மட்டும் 0 என்று விட்டுவிடாதீர்கள். விடை 9.81 என்றிருந்தால், 9.8 எழுதியவருக்கும் முட்டைதான். 0.05 கொடுங்கள். உடம்பு முடியாத மாணவருக்குக் கெடுவையும் நேரத்தையும் தனியாக நீட்டிக்கொடுக்கலாம், அது சுலபம்.

மதிப்பெண் ஏட்டில்தான் வம்பு. மிகக் குறைந்த மதிப்பெண் உள்ள ஒரு தேர்வைக் கணக்கிலிருந்து கழிக்கச் சொல்லிவிட்டு, வெற்று மதிப்பெண்களை ஒதுக்கும் பெட்டியிலும் டிக் போட்டால், எழுதாத தேர்வும் போகும், எழுதியதில் மோசமானதும் போகும். இரட்டைச் சலுகை! டிக்கை எடுத்துவிடுங்கள். தேர்வுகளின் உச்ச மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்கட்டும். 10-க்கும் 50-க்கும் கலந்தால் கழித்தல் சொதப்பும்.