காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ்: இரண்டு வருட அனுபவம்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இரண்டு வருடம் ஆகிறது. செவ்வாய், வெள்ளி என்று வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். எல்லாம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடக்கிறது. நான் சின்னாளபட்டியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். காசு கட்டித்தான் செய்ய வேண்டும் என்றால் இரண்டு மாதத்தில் தையல் மிஷினை விற்றிருப்பேன். திட்டம் இல்லையென்றால் அவர் இன்று எங்களோடு இல்லை. குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் "கலைஞர் காப்பீடு" என்றுதான் சொல்கிறார்கள். அது 2009இல் வந்தது. இப்போதைய திட்டம் 2012 ஜனவரியில் ஆரம்பித்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்த்தார்கள். ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனோம். படம் எடுத்தார்கள், கைரேகை வைத்தோம், அட்டை கிடைத்தது. ஒரு பைசா செலவில்லை.

முதலில் ஏமாந்தது மருத்துவமனை விஷயத்தில். வாசலில் காப்பீட்டுத் திட்ட போர்டைப் பார்த்து ஓர் இடத்துக்குப் போனோம். அரை நாள் உட்கார வைத்த பிறகு, "எங்களுக்கு எலும்பு ஆபரேஷனுக்கு மட்டும்தான் அனுமதி, டயாலிசிஸுக்கு இல்லை" என்றார்கள். அன்றுதான் தெரிந்தது, மருத்துவமனையை மொத்தமாகத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. என்ன டாக்டர், என்ன கருவி இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் போர்டில் அது எழுதியிருக்காது. திட்டத்தின் இணையதளத்தில் மாவட்டவாரியாகப் பட்டியல் இருக்கிறது. நம் நோய்க்கான பிரிவு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது போகிற இடத்தில் சிகிச்சை நன்றாக இருக்கிறது. இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரெண்டு ரத்தக் குழாயை ஆபரேஷன் பண்ணி இணைத்த இடம்; விரலை வைத்தால் உள்ளே பூனை உறுமுவது மாதிரி கிர்ரென்று அதிரும். டெக்னீஷியன் தம்பி ஒவ்வொரு முறையும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போடுவான். நான்கு மணி நேரம். ஆரம்பிக்கும் முன் ஒரு எடை, முடிந்ததும் ஒரு எடை. அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை பில்லில். முதல் மாதமே காப்பீட்டு கவுன்டரில் இருந்த பெண், "அக்கா, ஸ்கீம்ல வர்ற டியூப் செட் சரியில்ல, நல்லதா போடுறோம், தடவைக்கு 350 ரூபா கட்டிருங்க" என்றாள். அவர் உயிர் அந்த டியூபில் ஓடுகிறது என்று நினைத்தால் யார் பேரம் பேசுவார்? ஐந்து வாரம் கட்டினேன், 3,500 ரூபாய். ரசீது கேட்டால், "அதெல்லாம் வராதுக்கா" என்றாள். ரசீது இல்லை என்றதும்தான் எனக்கு உறைத்தது. அட்டையின் பின்பக்கம் இருந்த 1800 425 3993 எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாக விளக்கினார். மருத்துவமனைக்குத் திட்டம் கொடுப்பது பேக்கேஜ் தொகை; டியூப், ஃபில்டர், ஊசி, படுக்கை எல்லாம் அதற்குள் அடக்கம்; நோயாளியிடம் தனியாக வாங்கக் கூடாது. புகாரைப் பதிவு செய்துகொண்டார். மூன்றாம் நாள் பணம் என் கைக்கு வந்தது.

புகார் கொடுத்தால் அவரை ஒழுங்காகப் பார்க்க மாட்டார்களோ என்று அந்த மூன்று நாளும் நான் தூங்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் வீட்டிலும் இதே பயத்தில்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் போன ஆவணியில் நடந்தது. பெரியம்மா காரியத்துக்கு வத்தலக்குண்டு போனதால் ஒரு வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் போகவில்லை. (தவறவிடவே கூடாது. செவ்வாய்க்கிழமை எடை நாலு கிலோ கூடியிருந்தது, மூச்சு வாங்கியது.) அன்று கையெழுத்துப் போட ரிஜிஸ்டரை நீட்டினார்கள். அதில் நாங்கள் போகாத வெள்ளிக்கிழமை வரிசையும் நிரம்பியிருந்தது. முன் எடை 60.5, பின் எடை 58.5, பிரஷர் 140/90, நேரம் 10.10 முதல் 2.10 வரை. கையெழுத்துக் கட்டம் மட்டும் காலி.

"அன்னைக்கு நாங்க வரவே இல்லையேம்மா" என்றேன்.

"சும்மா போடுங்கக்கா, ஆடிட்டுக்குக் கேப்பாங்க."

நான் போடவில்லை. என் தையல் கணக்கு நோட்டில் டயாலிசிஸ் தேதியும் எடையும் குறித்து வைத்திருக்கிறேன், அதை எடுத்துக் காட்டினேன். பெரிய டாக்டர் காதுக்குப் போன பிறகுதான் அந்த வரிசையைச் சிவப்பு மையால் அடித்தார்கள்.

ஒரு கையெழுத்தில் என்ன போய்விடும் என்று கேட்காதீர்கள். நடக்காத டயாலிசிஸுக்கான பணமும் நம் குடும்பத்தின் 5 லட்சத்தில்தான் கழியும். நாளைக்கு என் பெண்ணுக்கு ஒன்று என்றாலும் அதே தொகையில்தான் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து அந்த 58.5. அந்த எடையை வைத்துத்தான் உடம்பில் சேர்ந்த நீரை எவ்வளவு எடுப்பது என்று டாக்டர் முடிவு செய்கிறார். பொய் எடையைப் பார்த்து அவர் மருந்து எழுதினால் யார் பொறுப்பு?

கணக்கில் இல்லாததை எழுதி வைப்பது ஓர் இடத்தில் மட்டும் நடக்கிற தப்பு இல்லை. 2023இல் மத்தியத் தணிக்கைத் துறை ஆயுஷ்மான் பாரத் கணக்கைப் பார்த்தபோது, 9999999999 என்ற ஒரே செல்போன் எண்ணில் சுமார் 7.5 லட்சம் பேர் பதிவாகியிருந்தார்கள். அதனால் அட்டை எடுக்கும்போது உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள், கவுன்டரில் இருப்பவர் நம்பரை எழுத விடாதீர்கள்.

திட்டத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்று டயாலிசிஸ் அறைச் சுவரில் தமிழில் எழுதி வைத்திருந்தால் ஐந்தும் கொடுத்திருப்பேன். ரசீது கேட்கத் தெரியாத ஆத்தாக்கள் எத்தனை பேர் அந்த வராந்தாவில் முந்தானையை அவிழ்த்து 350 எண்ணிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ரிஜிஸ்டரை அந்தத் தம்பியே கொண்டு வருகிறான். தேதியைச் சத்தமாகப் படிக்கிறான், நான் நோட்டைப் பார்த்துச் சரி என்றதும் அவர் வலது கையால் கையெழுத்துப் போடுகிறார்.