போனில் மாட்டும் நுணுக்குக்காட்டி: மூன்று மாதம் பாவித்த பிறகு

ஆரையம்பதியில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போனில் கிளிப்பால் மாட்டும் இந்தச் சின்ன நுணுக்குக்காட்டியை மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். 60 மடங்கு என்று பெட்டியில் போட்டிருந்தது.

முதல் நாளே சிரட்டையில் தேங்கிய தண்ணீரையும் எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் இரண்டு வெள்ளைச் சோசர்களில் ஊற்றிப் பார்த்தோம். சிரட்டையில் இருந்தது டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பி, வால்பக்கச் சுவாசக் குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கியது. கிணற்றுக் குடம்பிக்குக் குழாயே இல்லை, நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. மலேரியா பரப்பும் நுளம்பு வகையான அனோபிலிஸ்! எத்தனை வருடம் இதைக் கரும்பலகையில் கீறிக் காட்டியிருப்பேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார்கள். செத்த ஈடிஸ் நுளம்பின் முதுகும் தெளிவாகத் தெரிகிறது: ஈஜிப்தி இனம் என்றால் யாழ் வடிவில் வெள்ளைக் கோடு, அல்போபிக்டஸ் இனம் என்றால் நடுவே ஒற்றைக் கோடு.

குறைகளும் உண்டு. விளக்கு தண்ணீரில் பட்டுக் கண் கூசுகிறது, மேலே ஒரு துண்டு டிசுத்தாள் ஒட்டினால் சரி. பட்டன் பற்றரி இரண்டு வாரம்தான் தாங்கியது. கிளிப்பும் இப்போது தளர்ந்துவிட்டது.

"டீச்சர், இது மன்னாரில் பிடிபட்ட நுளம்போ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. 2016 செப்டம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அதே வருடம் டிசம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி அகப்பட்டது. இந்திய நகரங்களில் தொட்டியிலும் கிணற்றிலும் பெருகி மலேரியா பரப்பும் இனம் அது. ஆனால் கிணற்றில் கிடப்பது அதுவா, உள்ளூர் அனோபிலிஸா என்பதை இந்தக் கண்ணாடி சொல்லாது. உறுதிப்படுத்த டி.என்.ஏ. வாசிக்க வேண்டும். இழைமணி (கலத்துக்குள் சக்தி ஆக்கும் உறுப்பு) டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வருவதால், அதன் எழுத்துகளை வேறு நாட்டு நுளம்புகளோடு ஒப்பிட்டு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தேடலாம். எல்லா நுளம்பிலும் ஓரிரு வகை எழுத்துத் தொடர்தான் என்றால் வந்து இறங்கியவை கொஞ்சமாக இருந்திருக்கலாம். பல வகை இருந்தால் திரும்பத் திரும்ப வந்திருக்கலாம்.

அப்புறம் ஒன்று: குடம்பியை ஃபோமலினில் போடாதீர்கள், டி.என்.ஏ. பழுதாகிவிடும். நாங்கள் மதுசாரத்தில் போட்டு, கிணற்றின் இடத்தையும் திகதியையும் எழுதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்தோம்.

ஆய்வுகூடத்துக்கு இன்னும் இரண்டு வாங்கப் போகிறேன், பற்றரியும் சேர்த்து.