‘அமைதி லவுஞ்ச் பாஸ்’ என்று விற்றால் வாங்காதீர்கள்: சுங்கை சிப்புட் வட்டாரத்தினர் கவனத்திற்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் ஓய்வுபெற்றவர்களைக் குறிவைத்து ஒரு கப்பல் பேக்கேஜ் விற்கப்படுகிறது. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கைத் தொட்டுத் திரும்பும் மூன்று இரவுப் பயணம். கப்பல் உண்மை, டிக்கெட்டும் உண்மை. ஏமாற்று வேலை நடப்பது டிக்கெட்டுக்கு மேல் தலைக்கு 380 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு கொடுக்கிற ‘அமைதி லவுஞ்ச் பாஸ்’ என்ற அட்டையில்தான். “பிள்ளைங்க சத்தம் இல்லாம கடலைப் பார்த்துக்கிட்டு உட்காரலாம். பாஸ் இல்லாட்டி உள்ள விடமாட்டாங்க” என்பது விற்பவரின் பேச்சு. கணவன் மனைவியாகப் போனால் 760 வெள்ளி. செம்பனைத் தோட்டத்தில் காலம் முழுக்க உழைத்து எடுத்த ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) காசு அது.

அட்டையை வாங்கிப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். லேமினேட் செய்த தாள், தங்க நிற ஓரம், கப்பல் படம், கையால் எழுதிய பெயர், கீழே ‘விஐபி’. சிப் கிடையாது, கியூஆர் கோடு கிடையாது, கப்பல் முன்பதிவு எண்ணும் கிடையாது. கப்பலில் ஒரு கதவு ஆளைப் பார்த்துத் திறக்க வேண்டுமென்றால், ஏறும்போது உங்களுக்குக் கொடுக்கும் கப்பல் கார்டைத் தொட்டால்தான் திறக்கும். வெளியில் அச்சடித்த எந்த அட்டையும் அங்கே செல்லாது. இந்தப் பாஸை வரவேற்பு முகப்பில் நீட்டியவர்களுக்குக் கிடைத்த பதில்: “இது நாங்க கொடுத்தது இல்ல அங்கிள். அந்த லவுஞ்சுக்குப் பாஸே வேணாம், போய் உட்காருங்க.”

கட்டணத்திலேயே அடங்கியவை எவை என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அறை, பெரிய உணவகம், பஃபே, தியேட்டர் நிகழ்ச்சி, நீச்சல்குளம், நடுக்கூடம், நூலகம் இருந்தால் நூலகம், சீட்டாடும் அறை, பக்கவாட்டில் நடக்கும் டெக், மேல்தட்டின் முன்பக்கத்தில் கண்ணாடி வைத்த லவுஞ்ச். இவற்றில் உட்கார யாரும் காசு கேட்க முடியாது. குடிப்பதற்கு வாங்கினால்தான் பில். எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருப்பவரை எழுப்பவும் மாட்டார்கள்.

காசு கட்ட வேண்டிய இடங்களோ, தனி வகை அறைக்காரர்களுக்கு மட்டுமான இடங்களோ இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கெந்திங் டிரீம் கப்பலில் ‘தி பேலஸ்’ என்ற பகுதி சூட் அறைக்காரர்களுக்கு மட்டும். பிரின்சஸ் கப்பல்களில் பெரியவர்களுக்கான ‘தி சாங்ச்சுவரி’க்குத் தனிக் கட்டணம் உண்டு. ராயல் கரீபியனின் ‘சோலாரியம்’ பெரியவர்களுக்கானது, ஆனால் இலவசம். இதில்தான் ஏஜென்ட் புகுந்து விளையாடுகிறார். ஒரு கப்பலின் கட்டணப் பகுதியைப் படத்தில் காட்டி, வேறொரு கப்பலின் இலவச லவுஞ்சுக்குக் காசு வாங்குகிறார். உண்மையான கட்டணப் பகுதியைக் கப்பல் நிறுவனமே விற்கும். அது உங்கள் முன்பதிவுத் தாளில் ஒரு வரியாக வரும், அல்லது கப்பலில் ஏறியபின் உங்கள் கணக்கில் ஏறும். அந்த வரி இல்லையென்றால் ஏஜென்ட் உங்களிடம் விற்க எதுவுமே இல்லை.

இதே ஆட்கள் இன்னும் இரண்டு இடத்தில் காசு பிடுங்குகிறார்கள். சிங்கப்பூர் வருகை அட்டைக்குத் தலைக்கு 50 வெள்ளி ‘பதிவுக் கட்டணம்’ வாங்குகிறார்கள். அந்த அட்டை முழுக்க இலவசம். சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் தளத்திலோ செயலியிலோ, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் பத்து நிமிட வேலை. அடுத்தது ‘எல்லாம் அடக்கம்’ என்ற சொல். துறைமுக வரியும், ஊழியர்களுக்கான தினசரி அன்பளிப்புக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பல கப்பல்களில் அன்பளிப்புக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும், அதுவும் அமெரிக்க டாலரிலோ சிங்கப்பூர் டாலரிலோ. கடைசி இரவு பில்லைப் பார்த்து மயங்கி விழுந்தவர்கள் பெரும்பாலும் இதற்குத்தான் விழுந்தார்கள்.

அமைதி வேண்டுமென்றால் பாஸைத் தேடாதீர்கள், எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று காட்டும் வரைபடமான டெக் பிளானைப் பாருங்கள். அது கப்பல் நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். முதலில் அறை. மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் டெக்கைக் கேளுங்கள். நீச்சல்குளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். தியேட்டருக்கோ டிஸ்கோவுக்கோ மேலே எடுத்தால் நள்ளிரவு வரை தரை அதிரும். மலிவாகக் கிடைக்கும் ‘கேரண்டி’ அறையில் எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கப்பல் நிறுவனம் எதைக் கொடுக்கிறதோ அதுதான். ஏஜென்ட் உங்களுக்கு அமைதியான அறை என்று சொல்லிவிட்டு இதை எடுத்துத் தருவதும் நடக்கிறது. அறை எண் போட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

லவுஞ்சிலும் நேரம் பார்க்க வேண்டும். காலையில் வெறிச்சோடிக் கிடக்கும் அதே கண்ணாடி லவுஞ்ச் மதியம் பிங்கோ, மாலையில் இசை, இரவில் நடனம் என்று மாறிவிடும். ஏதாவதொரு நிறுவனத்தின் கூட்டத்துக்காக மொத்தமாக மூடிவிடுவதும் உண்டு. முதல் நாள் அது அவசரக்கால ஒத்திகைக்குக் கூடும் இடமாகக்கூட இருக்கலாம். அன்றன்றைய நிகழ்ச்சித் தாளில் எந்த அறையில் எத்தனை மணிக்கு என்ன என்று போட்டிருக்கும். அதில் எந்த இடத்தின் பெயர் வரவில்லையோ அங்கே போய் உட்காருங்கள். காலை ஏழு மணிக்கு முன்பும், இரவு தியேட்டர் காட்சி நடக்கும்போதும் பெரும்பாலான இடங்கள் காலி.

எல்லாவற்றையும்விட நல்ல நேரம் கப்பல் பினாங்கில் நிற்கும்போது. வெளிநாட்டுக்காரர்கள் ஜார்ஜ் டவுனைப் பார்க்க இறங்கி ஓடுவார்கள். பினாங்கைப் பார்க்காத ஆள் நம் ஊரில் யார்? தைப்பூசத்துக்குப் போய்வந்த ஊர்தானே. நீங்கள் கப்பலிலேயே இருங்கள். கேசினோவும் வரியில்லாக் கடைகளும் துறைமுகத்தில் பொதுவாக மூடியிருக்கும், கூட்டமும் இருக்காது.

முன்பக்க லவுஞ்சில் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். தலை சுற்றும் பழக்கம் உள்ளவர்கள் கப்பலின் நடுவில், கீழ் டெக்கில் இருக்கும் இடமாகப் பாருங்கள். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் போய்விட்டு அமைதி இல்லை என்றால் யாரும் பொறுப்பல்ல.

இனி ஏஜென்ட் விஷயம். மலேசியாவில் பயணப் பேக்கேஜ் விற்க 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி மோட்டாக் (சுற்றுலா அமைச்சு) உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கடையில் கேளுங்கள், கேட்ட எண்ணை மோட்டாக் தளத்தில் தட்டிப் பாருங்கள், நிறுவனப் பெயர் ரசீதில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இங்கே கொடுக்கப்பட்ட ரசீதில் உரிம எண் இல்லை, கம்பெனி முத்திரை இல்லை, ‘சர்வீஸ்’ என்ற ஒரே சொல்லும் தொகையும்தான். பணம் தனி ஆளின் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கிறது. கட்டுவதற்கு முன் அந்தக் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

முன்பணம் கட்டிய உடனே கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணை வாங்குங்கள். ஏஜென்டின் சொந்த எண் உதவாது. கப்பல் நிறுவனத்தின் செயலியில் அந்த எண்ணையும் குடும்பப் பெயரையும் போட்டால் அறை வகை, கட்டியது, கட்ட வேண்டியது எல்லாம் தெரியும். நம் ஆட்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/எல்’ (மகன்), ‘ஏ/பி’ (மகள்) என்று சாய்கோடு இருக்கும், பல முன்பதிவுக் கணினிகள் சாய்கோட்டை ஏற்காது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எப்படித் தட்டினார்கள் என்று திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். தப்பாகத் தட்டியிருந்தால் செயலி ‘பதிவு இல்லை’ என்று சொல்லும், ஏறும் நாளில் முகப்பிலும் தகராறு வரும். சிங்கப்பூரில் மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட் என்று இரண்டு கப்பல் முனையங்கள் இருப்பதால் எது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பாஸ் வாங்கியவர்கள் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் சாட்சி. பணம் மாற்றி சில மணி நேரமே ஆகியிருந்தால் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் உடனே அழையுங்கள். நாள் கடந்திருந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். அட்டை, ரசீது, வங்கிப் பரிமாற்றத் தாள், வாட்சாப் பேச்சின் படம், கப்பலின் கடைசி பில் ஆகியவற்றை நகல் எடுத்து வையுங்கள். குரல் செய்தியில் ‘பாஸ் இல்லாட்டி விடமாட்டாங்க’ என்று சொல்லியிருந்தால் அதை அழிக்காமல் வேறொரு போனிலும் சேமித்து வையுங்கள். ஒரே ஏஜென்டிடம் ஏமாந்தவர்கள் ஆளுக்கொரு படிவம் நிரப்பி ஒரே நாளில் பதிந்துவிடுங்கள்.