செக்கு ஆலைக்கு எந்தப் பதிவு: சங்கமா, பிரைவேட் லிமிடெட்டா, உற்பத்தியாளர் கம்பெனியா?

ஈரோடு பக்கம் நிலக்கடலை போடும் நாங்கள் சிலர் சேர்ந்து மரச்செக்கு ஆலை ஆரம்பித்தோம். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அந்தப் பருப்பை மண்டியில் கொட்டிவிட்டு வராமல் ஊரிலேயே ஆட்டினால் எண்ணெய்க் காசும் ஊரில் நிற்கும், புண்ணாக்கும் நம் மாட்டுக்கே வரும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தச் சட்டத்தில் பதிவது என்பதில்தான் பேச்சு நீண்டது. உற்பத்தி செய்பவர்கள் மட்டுமே பங்கு வைத்திருக்கும் உற்பத்தியாளர் கம்பெனி என்று முடிவு செய்தோம். அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

பார்ட்னர்ஷிப் சுலபம், செலவும் குறைவு. ஆனால் கடன் முழுவதற்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. பத்துக் குடும்பம் சேரும் இடத்தில் அது வேண்டாம்.

கூட்டுறவு சங்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. திருவல்லிக்கேணி சங்கம் 1904 முதல் நடக்கிறது. தமிழ்நாட்டில் சங்கம் பதிய 25 பேர் வேண்டும். அது பெரிய தடை இல்லை. பதிவாளர் நிர்வாகக் குழுவைக் கலைத்துத் தனி அலுவலரை நியமிக்க முடியும் என்பதுதான் தயங்க வைத்தது. 1976இல் கலைக்கப்பட்ட குழுக்களுக்கு 1996இல்தான் தேர்தல் நடந்தது. நான் சங்க நிர்வாகத்தில் இருந்தவன் இல்லை, வெளியிலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு பேர் போதும். ஓட்டு பங்கின் அளவைப் பொறுத்தது.

எங்களுக்கு முடிவைத் தந்த கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு இந்த ஆலையை யாராவது விற்க முடியுமா? பிரைவேட் லிமிடெட்டில் பங்கு கைமாறக் கட்டுப்பாடு வைக்கலாம். ஆனால் முக்கால்வாசி ஓட்டு ஒரு பக்கம் சேர்ந்தால் அந்த விதியையே திருத்திவிடலாம். உற்பத்தியாளர் கம்பெனியில் அந்த வழியைச் சட்டமே அடைத்துவிட்டது. இயக்குநர் குழு சம்மதித்தால்தான் பங்கை மாற்றலாம். அதுவும் இன்னொரு உறுப்பினருக்கு, முக மதிப்புக்கு. ஆயிரம் ரூபாய்ப் பங்கு ஆயிரம் ரூபாய்க்குத்தான் போகும். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. உறுப்பினர் இறந்தால் பங்கு அவர் நியமித்தவருக்குப் போகும். அவர் உற்பத்தியாளராக இல்லாவிட்டால் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். லாபத்தில் ஊக்கத்தொகை, யார் ஆலைக்கு எவ்வளவு கடலை கொடுத்தார்கள் என்பதை வைத்துப் பிரியும்.

இதன் அருமை சீக்கிரமே தெரிந்தது. டவுனிலிருந்து ஓர் எண்ணெய் வியாபாரி வந்தார். இயந்திரச் செலவு முழுக்கத் தன்னுடையது, பாதிப் பங்கு தரவேண்டும் என்றார். விவசாயம் செய்யாதவருக்கு எங்கள் கம்பெனியில் பங்கே கிடையாது என்று விதியைக் காட்டினோம். யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இப்போது எங்களிடம் எண்ணெய் வாங்கி விற்கிறார்.

இதே விதியால் வெளி முதலீடு வராது என்பதும் உண்மை. இயந்திரத்துக்கு உறுப்பினர் பணம், வங்கிக் கடன் இரண்டும்தான் வழி. அப்புறம் வருடச் செலவு: ஐந்து இயக்குநர்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது குழுக் கூட்டம், முழுநேர முதன்மைச் செயல் அலுவலர், தணிக்கை. மழை பொய்த்த வருடமும் ஆடிட்டர் கட்டணம் குறையாது. ஆண்டறிக்கை தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். மிகச் சிறிய ஆலைக்கு இது பாரம்தான். பெரிய கடன் வாங்கி இழுபறியான அனுபவம் எங்களுக்கு இன்னும் இல்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை.

விளைபொருள், கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில் போன்றவற்றில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. மெஸ் நடத்தும் பெண்களோ ஆட்டோ ஓட்டுநர்களோ சேர்ந்தால் சங்கம்தான் சரி. காபி வாரியம் கைவிட்ட கடைகளை 1950களின் கடைசியில் இந்தியன் காபி ஹவுஸ் தொழிலாளர்கள் கூட்டுறவு சங்கமாகத்தான் எடுத்து நடத்தினார்கள். கேரளத்தில் இன்றும் அவை நடக்கின்றன.